தொங்குகாது இளவரசனும் தொய்ந்த கயிறும்

மொச்சை உரித்துக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள். தோல் இந்தப் பக்கம், பருப்பு அந்தப் பக்கம், கதை நடுவில்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஏழுதேர்ப்பட்டணம் என்று ஒரு ராஜ்ஜியம். வருஷா வருஷம் தேர் இழுக்கிற ஊர். கயிற்றைக் கண்டால் போதும், அந்த ஊர்க்காரர்களுக்குக் கை தானாக இழுக்கும்.

இளவரசன் வேகவர்மனுக்கு எதிலும் அவசரம். ஒருநாள் ஓடுகிற ஓட்டத்தில் மந்தமுத்து என்ற கிழட்டு மந்திரவாதியை இடித்துத் தள்ளினான். நின்று தூக்கிவிடவும் இல்லை. கிழவனுக்கு வந்ததே கோபம்!

"நிற்கத் தெரியாத பயலே, நாலு காலால ஓடு!"

அவ்வளவுதான். இளவரசன் ஸ்பேனியல் என்கிற சீமை நாயாகிவிட்டான். காது இரண்டும் தொங்கு தொங்கென்று தொங்கின. கழுத்தில் ஒரு நீலக் கயிறு.

"தேர்த்திருவிழா முடியறதுக்குள்ள, கயிறு தொய்ஞ்சபடி நாலு வீதியும் நடந்து வந்தா மனுஷன். இல்லேன்னா என்னைக்கும் நாய்தான்" என்று சொல்லிக் கிழவன் மறைந்தான்.

முதலில் அரண்மனை மல்லன் கயிற்றைப் பிடித்தான். நாய் இழுத்தது, அவனும் இழுத்தான். கயிறு விறைத்தது. மல்லன் குளத்தில்!

தளபதி பிடித்தார். நாய் இழுத்தது, அவரும் இழுத்தார். கயிறு விறைத்தது. தளபதி சாணிக்குழியில்!

ராஜாவே பிடித்தார். நாய் இழுத்தது, அவரும் இழுத்தார். ராஜா மீன்கூடையில்!

"மகாராஜாவுக்கு வஞ்சிரமா, நெத்திலியா?" என்றாள் மீன்காரி.

கடைசியில் தங்கை இளங்கொடி கயிற்றை வாங்கினாள். சின்ன வயசில் அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவான். அவள் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். அவன்தான் திரும்பி வருவான். அது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

நாய் இழுத்தது. இளங்கொடி நின்றாள்.

"இழுங்க தாயி, இழுங்க!" ஊரே கத்தியது. அவள் கையும் குறுகுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாய் திரும்பிப் பார்த்து ஓர் எட்டு பின்னால் வந்தது. கயிறு தொய்ந்தது.

"வாடா அண்ணா!" முழங்கால் பக்கம் வைத்து ஒரு விள்ளல் முறுக்கு கொடுத்தாள்.

இழுத்தால் நிற்பாள், தொய்ந்தால் நடப்பாள், பக்கத்தில் வந்தால் முறுக்கு. முதல் நாள் வாசல்படியே தாண்டவில்லை.

"கோழி அடைகாத்துக் குஞ்சே பொரிச்சிடும், இவங்க தெருமுனைக்கு வரமாட்டாங்க" என்று மல்லன் சிரித்தான்.

நாளாக நாளாக நாய் பழகியது. திருவிழாவும் வந்தது. மூன்று வீதி முடிந்தது. நாலாவது வீதியின் கடைசி எட்டில், தேர் நிலைக்கு வரப்போகிற நேரம், வழியை அடைத்துக்கொண்டு மந்தமுத்து தடியூன்றி ஆமையாக நடக்கிறான்! நாயின் உடம்பு துடித்தது. கயிறு விறைக்கப் பார்த்தது. இளங்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாயும் நின்றது. கிழவன் கைத்தடி நழுவி விழுந்தது. நாய் அதைக் கவ்வி நீட்டியது.

அடுத்த நொடி தடியை நீட்டியபடி நின்றவன் வேகவர்மன்! நீலக் கயிறு உதிர்ந்து சங்குப்பூவாகக் கொட்டியது.

"மெதுவா நடங்க ஐயா, நான் கூடவே வரேன்" என்றான்.

கிழவன் பொக்கைவாய் திறந்து சிரித்தான். இளங்கொடிக்கு ராஜா பாதி ராஜ்ஜியம் கொடுத்தார். அன்றைக்கு விருந்தில் இளவரசன் எல்லாருக்கும் நின்று நிதானமாகப் பரிமாறினான். ஆனால் முறுக்கு வாசனை வந்தால் மட்டும் அவன் காது ரெண்டும் மெல்லத் தொங்கும்! அத்தை கூப்பிடறாங்க... இதோ வந்துட்டேன் அத்தை! பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க, மொச்சையோட வரேன்.