மொண்ணையூரார் கோழிப் பதிவுக்குப் போன கதை

ஐப்பசி அடைமழை ஒருநாள் ஓய்வெடுத்துக்கொண்ட காலைவேளை. பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு ஊரார் வெறும் கேனோடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மொண்ணையூருக்குள் நுழைந்தது.

"வீட்டில் கோழி வளர்ப்பவர் ஒவ்வொருவரும், ஒரே கோழியானாலும், வெள்ளிக்கிழமைக்குள் கால்நடை மருந்தகத்துக்கு நேரில் வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆதார் அட்டை, இரண்டு புகைப்படம் அவசியம். பதிவில்லாத கோழிகள் பறிமுதல் செய்யப்படும்."

மொண்ணையூராரை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது முட்டாள்களுக்கு இழுக்கு. முட்டாளுக்குத் தனக்குத் தெரியாது என்பதாவது எப்போதாவது தெரியும். இவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

அறிவிப்பைக் கேட்டதும் பாவாயி வீட்டுக்கு ஓடினாள். அவளுடைய சாம்பல்நிறப் பெட்டை, சாம்பி, கூடையில் அடைகாத்துக் கிடந்தது. இடிக்கு முட்டை கெடாதிருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு, பாவாயி கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த அடை. பொரிக்க ஓரிரு நாளே பாக்கி. மகள் வளர்மதிக்குப் பங்குனியில் பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டிலிருந்து நாட்டுக்கோழி போகவேண்டும். "உங்கூர்ல கோழியாவது இருக்குதுங்களா?" என்று சம்பந்தியம்மாள் இப்போதே சிரித்துக் கேட்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குப் பாவாயி வைத்திருந்த ஒரே பதில் அந்தக் கூடைதான்.

"நானே போய்ப் பதிஞ்சுட்டு வந்தர்றேன்" என்று அவள் கிளம்பினாள். தண்ணீர்த் தொட்டியடியில் வையாபுரி வழிமறித்தார். ஒருமுறை நீதிமன்றத்துக்கு எதிரே டீ குடித்திருந்ததால் அவர் ஊருக்கே சட்ட நிபுணர்.

"அம்மிணி, கோழி வளர்க்கறவங்கதான வரோணும்? நீ வளர்த்தயா?"

"பின்ன யாருங்ணா?"

"முட்டை மேல உக்காந்தயா?"

"இல்லீங்."

"குப்பையக் கிளறிப் பூச்சி காட்டினயா? பருந்து வந்தா றெக்கைக்குள்ள மூடிக்கிட்டயா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத பாவாயி தலையைக் குனிந்தாள். "அதெல்லாம் சாம்பிதானுங்."

"அப்ப வளர்க்கறவ ஆரு? நேர்ல போகவேண்டியவ ஆரு?"

கூடியிருந்த ஊரார் தலையாட்டினார்கள். வார்டு மெம்பர் சடையப்பன் மட்டும், பதவிக்கேற்ற பொறுப்போடு, ஒரு ஐயத்தைக் கிளப்பினார். "கோழிக்கு ஆதாரு?"

"ஆதார்ப் படத்துல எவன் எவனாட்டம் இருக்கறான்? பாவாயி அட்டையவே குடு. சாம்பிக்கு அம்சமாப் பொருந்தும்."

அட்டையை வாங்கிப் பார்த்த எல்லோரும் பொருந்துவதாக ஒப்புக்கொண்டார்கள். பாவாயியும் ஒப்புக்கொண்டாள்.

சாம்பி எழுந்துவிட்டால் முட்டைக்குச் சூடு எது? அரைமணி நேரம் விவாதம் நடந்தது. அடுப்பு வேண்டாம், வெந்துவிடும். வெயில் வேண்டாம், ஐப்பசியில் கிடைக்காது. கடைசியில், ஊரிலேயே மிகச் சூடான பொருள் பாவாயியின் புருஷன் மாரப்பன்தான் என்று முடிவாயிற்று. அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். முட்டைகளைத் துணியில் பொதிந்து அவருடைய அக்குளிலும் வயிற்றோரத்திலும் வைத்துக் கம்பளியால் போர்த்தினார்கள்.

"மாத்திரை போடோணும் புள்ள" என்றார் அவர் ஈனக்குரலில்.

"அதெப்படிங்க? காச்சல் எறங்கிப்போச்சுன்னா?" என்று பாவாயி மாத்திரையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டவுனில் புகைப்படக் கடைக்காரர் மொண்ணையூரிலிருந்து போய்க் கடை வைத்தவர். சாம்பியை நாற்காலியில் உட்காரவைத்தார். பின்னால் நீலத்திரை கட்டினார். பிறகு கைவிரித்தார். "ரெண்டு காதும் தெரியோணுங்க. இல்லாட்டி அரசாங்கத்துல தள்ளிருவாங்க." காதைத் தேடி இறகை விலக்கியதில் சடையப்பனின் மூக்கில் ஒரு கொத்து விழுந்தது. காது கிடைக்கவில்லை. முக்காடு போட்ட பெண் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று சாம்பியின் தலையில் பாவாயியின் கைக்குட்டையைக் கட்டிப் படமெடுத்தார்கள்.

மருந்தகத்தில் டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "யாரு கோழி வளர்க்கறது?"

சாம்பியை மேசைமேல் வைத்தார்கள்.

"பேரு?"

"சாம்பிங்."

"அப்பா பேரு?"

வையாபுரி கனைத்தார். "எங்கூட்டுச் செஞ்சேவல்தானுங்க."

"இருக்காரா?"

"ஆடிப் பண்டிகைக்குக் கொழம்பு வெச்சுட்டமுங்க."

டாக்டரம்மா நிமிர்ந்தார். கைக்குட்டை கட்டிய கோழி அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் பேனாவை மூடிவைத்து, கண்ணை மூடித் திறந்தார். பிறகு பாவாயியின் பெயரையே எழுதிக்கொண்டு, "கோழிக்குச் சொந்தக்காரங்கதான் பதியணும்மா. அடைக்கோழியை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? ஓடுங்க, கொண்டுபோய் உட்காரவைங்க. பறவை எண்ணிக்கை கூடினா மட்டும் வந்து சொல்லுங்க" என்றார்.

ஓடினார்கள். பாவாயி வீட்டு வாசலிலேயே கீச்சொலி கேட்டது. மாரப்பனின் கம்பளிக்குள்ளிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டின. பாவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தியம்மாளின் சிரிப்புக்குப் பதில் பொரிந்துவிட்டது! மாரப்பன் எழுந்து கொல்லைக்கு நடந்தார். குஞ்சுகளும் வரிசையாகப் பின்னால் நடந்தன. சாம்பி கொக்கரித்துக் கூப்பிட்டது, ஒன்றுகூடத் திரும்பவில்லை.

வையாபுரியின் முகம் இருண்டது. "அடைகாத்துப் பொரிச்சது எதுவோ அது கோழி. பதிவில்லாத கோழி பறிமுதல். அம்மிணி, உம்பட புருசனைப் புடிச்சுட்டுப் போயிருவாங்க. குஞ்சுக அவரை உட்டு நகராது. அதுகளும் கூடவே போயிரும்."

குஞ்சுகள் போய்விடும் என்றதும் பாவாயி பதறிப்போனாள். மறுநாளே மருந்தகத்துக்கு ஓடினாள். டாக்டரம்மா விடுப்பு, மேசையில் எழுத்தர் இருந்தார்.

"குஞ்சுகளோட பெருசு ஒண்ணும் கூடிருச்சுங்."

"சேவலா, பெட்டையா?"

அடைகாத்தது சேவலாக இருக்க முடியாது என்று பாவாயி யோசித்து, "பெட்டைங்" என்றாள்.

"வயசு?"

"அம்பத்தி மூணு."

"வாரம்தானே?"

அரசாங்கம் சொன்னால் வாரமாகத்தான் இருக்கும். அவள் தலையசைத்தாள்.

பதிவுக்குக் கட்டணமில்லை. ஆனால் வையாபுரி தம் சட்ட ஆலோசனைக்குக் கூலி கேட்டார்: பதிவிலுள்ள பறவைகளில் நன்றாக வளர்ந்தது ஒன்று, தை பிறந்ததும். மகளுக்கென்று வளர்ந்த குஞ்சு ஒன்றைக்கூட இழக்கப் பாவாயிக்கு மனம் ஒப்பவில்லை. பொங்கல் மறுநாள் பதிவுச் சீட்டை எடுத்து நிதானமாகப் பார்த்தாள். பிறகு மாரப்பனுக்குத் தலைவாரி, காலில் கயிறு கட்டி, வையாபுரி வீட்டில் கொண்டுபோய் விட்டுக் கூலியைத் தீர்த்தாள்.

பங்குனியில் வளர்மதிக்குக் கோழிகள் குறைவின்றிப் போய்ச் சேர்ந்தன. மாரப்பனை வையாபுரி மாசி முதல் வாரமே திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார். தீவனம் கட்டுப்படியாகவில்லையாம்; இத்தனை நாளில் ஒரு முட்டைகூட இடவில்லையாம்.