பினாங்கு மாப்பிள்ளையின் பீசாங் கோரேங்

பனைக்குளத்துக்குப் புது மாப்பிள்ளையா வந்த சிக்கந்தர், அன்னைக்குச் சாயங்காலம் அசர் தொழுத கையோட அடுப்படியைப் பிடிச்சுக்கிட்டார். "மாமி, இன்னைக்கு நோம்பு திறக்க வடையும் வேணாம், சமோசாவும் வேணாம். கஞ்சி மட்டும் காய்ச்சுங்க. பினாங்குல பீசாங் கோரேங் போட்ட கை இது!"

பீசாங் கோரேங்னா வேற ஒண்ணுமில்ல, வாழைப்பழத்தை மாவுல முக்கிப் பொரிச்செடுக்கிற மலேசியாப் பலகாரம்.

அவர் பொண்டாட்டி ஜெசிமாவுக்குத்தான் உண்மை தெரியும். அவ புருஷன் பினாங்குல அரிசி மண்டியில மூட்டை தூக்குனவர். எதிர்த்தாப்புல இருந்த பலகாரக் கடையில தின்னுக்கிட்டே வேடிக்கை பார்த்ததுதான் மொத்த அனுபவமும். இதை அவகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார். அவ தம்பி பகுருதீனுக்குத் தெரிஞ்சா போச்சு, பேரப்புள்ளை எடுத்த பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவனோ அடுப்படி வாசல்லயே சாஞ்சு நின்னான். "உங்க கடைக்குக் கூட்டம் வருமா மச்சான்?"

"கூட்டமா? வரிசை கடையில தொடங்கி, கடற்கரையைச் சுத்தி, மறுபடி கடைக்கே வந்துரும். எது தலை எது வாலுன்னு எனக்கே தெரியாது. வரிசையில பார்த்துப் பழகுன ஒரு பொண்ணும் பையனும் அங்கயே நிக்காஹ் முடிச்சாங்க. கடைசியில அவங்க முறை வந்தப்ப, புள்ளைதான் காசை நீட்டுச்சு!"

"நடக்கத் தெரிஞ்ச புள்ளையா?"

"மீசை வச்ச புள்ளை!"

பேச்சு வாக்குல நல்லா கனிஞ்ச பூவம்பழத்தை மாவுல முக்கிச் சட்டியில போட்டார். மாவு ஒரு பக்கம் போச்சு, பழம் ஒரு பக்கம் கரைஞ்சு போச்சு.

"மச்சான், பழத்தையே காணோமே?"

"முதல் ஈடு எண்ணெய் குடிக்கிறதுக்கு. அப்பத்தான் அது நம்ம பேச்சைக் கேக்கும். என் பலகாரத்தோட மொறுமொறுப்பு என்னன்னு நினைச்சே? ஒரு சீனக்காரர் ஒரு கடி கடிச்சார். இடி இடிக்குதுன்னு தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் காயப்போட்ட துணியை அள்ளிக்கிட்டு ஓடுனாங்க."

"அடேங்கப்பா!"

"இன்னும் கேளு. அடுத்த கடி கடிச்சார், மழையே வந்துருச்சு! ஏமாந்து பெஞ்சுட்டோம்னு மேகம் கோவிச்சுக்கிட்டு, அந்தத் தெருவுக்கு மட்டும் ரெண்டு வருஷம் மழையே இல்லை. கடைசியில நான்தான் மேல பார்த்து மன்னிப்புக் கேட்டேன்."

கஞ்சியைத் துழாவிக்கிட்டிருந்த ஜெசிமாவோட உம்மா தலையை நிமிர்த்தல. ரெண்டாவது ஈடும் கூழாப் போச்சு. பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான். ஜெசிமாவுக்கு அழுகையே வந்துருச்சு. ருசி பார்த்துச் சரி பண்ணலாம்னா எல்லாருக்கும் நோம்பு.

சிக்கந்தர் சட்டியையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் சொன்னார், "ஜெசிமா, மாவுல சுண்ணாம்பு போடணும். வெத்தலைக்குப் போடுவோமே, அது. ஒரு கிள்ளு."

பகுருதீன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். "அல்லாவே! மழைக் கதையைக்கூட நம்பிரலாம். சுண்ணாம்புப் பலகாரமாம்! தின்னுட்டு நாக்கு வெந்து சாகவா?"

ஜெசிமா புருஷனைப் பார்த்தா. மழையைப் பத்திச் சொன்னப்ப ரெண்டு கையும் காத்துல பறந்துச்சு. இப்ப கை சும்மா தொங்குச்சு. "நிசமாத்தான். கண்ணால பார்த்திருக்கேன்"னு முணுமுணுத்தார், பாவம்.

மாவுக் கிண்ணத்தை அவ தன் பக்கம் இழுத்துக்கிட்டா. உம்மாவோட வெத்தலைப் பெட்டியில இருந்து ஒரு கிள்ளுச் சுண்ணாம்பை எடுத்துத் தண்ணியில கரைச்சு, தெளிஞ்சதை மட்டும் மாவுல ஊத்துனா. கூட ஒரு கை அரிசி மாவு. சீப்புல அதிகம் கனியாத பழமாப் பார்த்து உரிச்சு முக்கிச் சட்டியில விட்டா. மாவு பழத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுப் பொன்னிறமா எழும்பி வந்துச்சு. சிக்கந்தருக்கே வாய் பிளந்துருச்சு.

பாங்கு சொன்னாங்க. பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணி. எல்லார் கண்ணும் அந்தத் தட்டு மேலதான். பகுருதீன் ஓரத்தைப் பயந்து பயந்து கடிச்சான்.

நறுக்!

அடுத்ததை எடுத்தான். அதுக்கடுத்ததையும் எடுத்தான். ஜெசிமாவுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. புருஷன் மேல பெருமை பொங்குச்சு.

"மச்சான்," வாய் நிறைய வச்சுக்கிட்டு பகுருதீன் கேட்டான், "அப்ப நீங்க சொன்னது எல்லாமே நிசந்தானா?"

சிக்கந்தர் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டார். "நோம்பு வாயோட நான் பொய் சொல்லுவேனா மாப்ளே?"

அதுவரைக்கும் பேசாம கஞ்சி குடிச்ச உம்மா, கோப்பையைக் கீழ வச்சாங்க. "பலகாரம் அருமை மாப்பிள்ளை. ஆனா பெருநாள் முடிஞ்சதும், இன்னைக்குப் பிடிச்ச நோம்பை மட்டும் திருப்பி ஒண்ணு பிடிச்சிருங்க."

ஜெசிமா புருஷன் தட்டுல இன்னொரு துண்டு வச்சா.

"ஒரு நோம்பு பத்தாது உம்மா."