ரெகுலேட்டரில் ஒரு கீறல்

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் இருந்தது. அங்கே போட்டித் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவள் ஜுலைகா. வயது முப்பத்து நான்கு. அவளிடம் வேலை கற்க வந்தவர் பாக்கியநாதன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது அறுபத்தொன்று.

ஏன் வந்தீர்கள் என்று ஜுலைகா கேட்கவில்லை. எட்டு மாதம் ஓடிவிட்டது.

எல்லாம் காற்றுத் துப்பாக்கிகள். சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை ஒரு சின்ன ரெகுலேட்டர் அளந்து விடும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வந்தால் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். அந்த அளவை நிறுத்துவதுதான் வேலை.

ஒரு நாள் பாக்கியநாதன் கேட்டார்.

“மேடம், துப்பாக்கி சரியா இருக்கு. சுடுதவ மனசுதான் சரியில்ல. அப்போ பழுது பாக்கவன் என்ன செய்ய?”

“யாரு சுடுதது?”

“என் மக ஹெப்சிபா. இப்ப சுடுததில்ல.”

ஜுலைகா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். அவர் சொன்னார்.

“பயிற்சியில பிசகவே மாட்டா. அடுத்தடுத்து சுடுவா, எல்லாம் நடு வட்டத்துல, பத்துல விழும். இறுதிச் சுற்றுக்குப் போனா குண்டு மேலே போயிரும். அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் உத்தரவு வர்ற வரைக்கும் நிக்கணும்லா? நிக்கையில பயம் வந்துரும். மூணு வருஷம், மூணு இறுதிச் சுற்று. மூணுலயும் இதே கதை.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“துப்பாக்கி மேல பழியைப் போட்டா. எல்லாருக்கும் முன்னால வச்சு, கோழைன்னு சொன்னேன். துப்பாக்கியை வாங்கிப் பெட்டியில பூட்டிட்டேன். மறு வாரமே ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டா. நாலு வருஷம் ஆச்சு. அவ அம்மாகிட்ட மட்டும் பேசுவா.”

“பெட்டி இருக்கா?”

“இருக்கு.”

“நாளைக்குக் கொண்டு வாங்க.”

மறுநாள் காலை கொண்டு வந்தார். ஜுலைகா குண்டு வினாடிக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று அளக்கும் கருவியைக் குழல் முனைக்கு எதிரே வைத்தாள். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள். துப்பாக்கியைத் தாங்கிக்கட்டையில் இறுக்கினாள்.

“அஞ்சு குண்டு. அடுத்தடுத்து சுடுங்க.”

சுட்டார். நூற்று எழுபத்து நான்கு. நூற்று எழுபத்து நான்கு. நூற்று எழுபத்து ஐந்து. நான்கு. நான்கு.

“பாத்தீங்களா?” என்றார் பாக்கியநாதன். “துப்பாக்கியில ஒண்ணும் இல்ல.”

“அடுத்த குண்டைப் போடுங்க. சுடாதீங்க. நில்லுங்க.”

நின்றார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போயிற்று.

“இப்ப.”

நூற்று எண்பத்தொன்று.

அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். உடனே இன்னொன்று சுட்டார். நூற்று எழுபத்து நான்கு. ஜுலைகா மறுபடி நிற்கச் சொன்னாள். இரண்டு நிமிடம். நூற்று எண்பத்தாறு.

அட்டையைப் போய் எடுத்து வந்தார். ஆறு குண்டுகள் ஒரே ஓட்டையாக விழுந்திருந்தன. நின்று சுட்ட இரண்டும் அதற்கு மேலே தனித்தனியாக.

அவர் திரும்பிப் போய் நின்றார். குண்டு போட்டார், காத்திருந்தார், சுட்டார். பதினொரு முறை. ஒரு முறையாவது நூற்று எழுபத்து நான்கு வரும் என்று பார்த்தார். வரவில்லை.

ஜுலைகா ரெகுலேட்டரைத் திறந்து, உள்ளே இருந்த வால்வை லென்ஸுக்கு அடியில் பிடித்தாள். முடியிழை போல ஒரு கீறல்.

“இதை யாரு திறந்தது?”

“நான்தான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாம்னு திறந்தேன். ரப்பர் வளையம் கழண்டு வரல. ஊசியால நெம்பினேன்.”

“எப்போ?”

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

“முதல் இறுதிச் சுற்றுக்கு ஒரு மாசம் முன்னால.”

“இந்தக் கீறல் வழியா அழுத்தம் கசிஞ்சு ஏறும். அடுத்தடுத்து சுட்டா தெரியாது. நிக்க நிக்க ஏறும்.”

பாக்கியநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜுலைகா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“சரி பண்ண முடியுமா?”

“நீங்களே பண்ணுங்க.”

அவரே செய்தார். வால்வை மெருகுப் பசை தொட்டு மெல்லத் தேய்த்து மெருகேற்றினார். கீறல் மறைந்தது. புது வளையம் மாட்டினார். மூடி முறுக்கினார். இரண்டு முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது.

குண்டு போட்டு ஒரு நிமிடம் நின்றார். நூற்று எழுபத்து நான்கு. ஐந்து நிமிடம் நின்றார். நூற்று எழுபத்து நான்கு.

அப்போதுதான் அழுதார்.

“இவ்வளவுதானா மேடம்? அரை மணி நேர வேலையா?”

“அரை மணி நேர வேலைதான்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். வேப்ப மரத்தடியில் நின்று மனைவிக்குப் போன் செய்து மகளின் நம்பரை வாங்கினார். பிறகு மகளை அழைத்தார். ஜுலைகா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார். பேசும்போது காற்றில் விரலால் ஏதோ எழுதிக் காட்டினார். பிறகு சட்டென்று கையைத் தொங்கவிட்டார்.

உள்ளே வந்தார்.

“பேசினீங்களா சார்?”

“பேசினேன். எல்லாத்தையும் சொன்னேன். வால்வு, கீறல், எத்தனை நிமிஷத்துக்கு எவ்வளவு ஏறுதுங்கிற கணக்கு, எல்லாம். தப்பு என்னோடதுதான்னும் சொன்னேன்.”

“அவங்க?”

“‘துப்பாக்கிதான்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா’ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. வச்சுட்டா.”

ஜுலைகா துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னை மன்னிப்பாளா மேடம்?”

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

“எப்படி இருக்காங்களாம்?”

பாக்கியநாதன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

அவர் அதைக் கேட்டிருக்கவில்லை.