மணிக்கு அடியில் ஒரு தட்டுப் புழு

லெபனான் மலையில், துருக்கி சுல்தான் ஆண்ட காலத்தில், ஓர் ஊர். மேல்தெருவில் துரூஸ் மதத்தார், கீழ்த்தெருவில் கிறிஸ்தவர்கள். இரண்டு தெருவுக்கும் சோறு போட்டது பட்டுப்புழு. புழுவுக்குச் சத்தம் ஆகாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. புழு வளரும் மாதத்தில் குழந்தையைக்கூட அதட்ட மாட்டார்கள்.

அந்த வருஷம் கீழ்த்தெருக் கோயிலுக்கு ஒரு வெளிநாட்டுத் தூதர் பெரிய வெண்கல மணி அனுப்பினார். இன்னொரு தூதர் சும்மா இருப்பாரா? மேல்தெருவுக்குப் பன்னிரண்டு துப்பாக்கி அனுப்பினார்.

மணி கட்டிய மாதமே மேல்தெருப் புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன.

மேல்தெரு மல்ஹம் துப்பாக்கியும் முறுக்கு மீசையுமாக அதே தெரு ஸித் நாயிஃபாவின் வாசலில் வந்து நின்றான். ஸித் என்றால் அங்கே சீமாட்டி. வெள்ளை முக்காடு போட்ட அந்த அம்மாளிடம் மூன்று வருஷமாக ஞானம் கேட்பவன்.

“தாயே, மணியை இறக்கப் போகிறோம். பதினோரு பேர் ஓடையோரம் காத்திருக்கிறார்கள். ஆசி வேண்டும்.”

“தடுத்தால்?”

“சுடுவோம். எங்கள் வம்சம் யாருக்கும் தலை குனிந்ததில்லை.”

“தெரியும். உன் தாத்தா இப்படித்தான் குனியாமல் நடந்து கிணற்றில் விழுந்தார்.”

உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்தாள். தட்டு நிறையப் புழுக்கள், உயிரோடு.

“எனக்கு இருப்பது இது ஒன்றுதான். மணிக்கு நேர் கீழே வை. உச்சி மணி அடித்ததும் திருப்பிக் கொண்டு வா.”

“செத்துப்போகுமே தாயே!”

“செத்தால் நானே உன்னோடு வருகிறேன். துப்பாக்கியை இங்கே வை. தட்டைப் பிடிக்க இரண்டு கை வேண்டும்.”

பட்டப்பகலில், எதிரித் தெரு நடுவே, புழுத்தட்டோடு நடந்தான் மல்ஹம். கோயில் வாசலில் மணியடிக்கும் புத்ரோஸ் நின்றிருந்தான். ஒரு கை கதவுக்குப் பின்னால், கோடரி மேல்.

“என்ன மல்ஹம், சீர்வரிசையா?”

“வாயை மூடு. மணியை அடி.”

அடித்தான். மல்ஹம் குனிந்து பார்த்தான். புழுக்கள் பாட்டுக்கு இலை தின்றன. இரண்டாம் அடி, மூன்றாம் அடி. ஒன்றுகூட நிறுத்தவில்லை.

புத்ரோஸும் கோடரியை விட்டுவிட்டுக் குனிந்தான்.

“உங்களுக்காவது ஒரு தட்டு இருக்கிறது. எங்களுக்குப் போன வாரமே மொத்தமும் போச்சு. நீங்கள் துப்பாக்கி சுட்டுப் பழகிய சத்தம்தான் காரணம் என்று நாளைக்கு உங்கள் தெருவுக்கு வர இருந்தோம்.”

“புழு முட்டை எங்கே வாங்கினீர்கள்?” என்றான் மல்ஹம்.

“துறைமுகத்தில். கப்பல் வியாபாரியிடம்.”

“நாங்களும் அவனிடம்தான். இந்தத் தட்டு மட்டும் ஸித் தன் வீட்டுப் பட்டுக்கூட்டிலிருந்து எடுத்த முட்டை.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஓடையோரம் நின்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மல்ஹம் மேலே ஏறி வந்தான்.

“மணி இல்லை தாயே, வாங்கின முட்டையில் நோய். இப்போது புரிகிறது. மணி கொடுத்தவனும் துப்பாக்கி கொடுத்தவனும்தான் இத்தனைக்கும் காரணம்.”

ஸித் நாயிஃபா தட்டை வாங்கிப் புது இலை போட்டாள்.

“அவ்வளவு பெருமையை அவர்களுக்கு ஏன் கொடுக்கிறாய்? இது நம் மலை. இங்கே ஒருவன் செத்தால், கொன்றது நாங்கள்தான் என்று சொல்லக்கூடவா உனக்கு ரோஷமில்லை?”