பூச்சி வீட்டுக்குப் பால் காய்ச்சிய கதை

கோணக்குளத்துக்காரங்க கெட்டவங்க கிடையாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வாங்க. அந்த ஒரு சீக்குதான் அவங்களுக்கு.

அங்க தளவாய் மக செல்வசுந்தரி கொல்லையில ஒரு வெள்ளைப் பூசணிக் கொடி போட்டிருந்தா. பள்ளிக்கூடக் கண்காட்சியில தன் கையால விளைஞ்ச காயை வைக்கணும்னு அவளுக்கு அப்படியொரு ஆசை. கொடி என்னமோ கூரை வரைக்கும் ஏறுச்சு. பூத்ததெல்லாம் காயாகாமலே உதிர்ந்துச்சு. பிள்ளை அழுதே போட்டா.

எஸ்தர் டீச்சர்தான் வழி சொன்னாங்க. "தேனீ வந்தாத்தாம்மா பூ காயாகும். ஒரு மரப்பெட்டியில மூங்கில் குழாயும், ஓட்டை போட்ட கட்டையும் அடுக்கி வை. பூச்சிகளுக்கு அது வீடு. உன் வீடு மாதிரி பாத்துக்க. பெரியவங்களையும் சேத்துக்க."

அந்தக் கடைசிப் பேச்சை டீச்சர் பேசாம இருந்திருக்கலாம்.

செல்வசுந்தரியும் அவ கூட்டாளிகளும் ஒரே காலையில பெட்டியை அடுக்கி முடிச்சுட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டாங்க. அப்புறந்தான் தளவாயும், அவன் மச்சினன் உடையாரும், பக்கத்து வீட்டு மாசானமுத்து அண்ணாச்சியும் ஒத்தாசைக்கு வந்தாங்க.

அண்ணாச்சி பெட்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தார். "என்னப்பா, கட்டை பூரா ஓட்டையா இருக்கு. மழைக்கு ஒழுகுமே."

"நம்ம வீடு மாதிரி பாக்கணும்னு டீச்சரே சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. நம்ம வீட்டுல ஓட்டைய விட்டு வைப்போமா?" என்றான் தளவாய்.

சிமெண்டு குழைச்சு ஒரு ஓட்டை விடாம அடைச்சாங்க. சாயங்காலம் பிள்ளைங்க வந்து தலையில அடிச்சுக்கிட்டு, வேற கட்டை தேடி மறுபடி ஓட்டை போட்டாங்க.

மறுநாள் உடையாருக்கு ஒரு சந்தேகம். "அத்தான், பால் காய்ச்சாத வீட்டுல யாரு குடி வருவா?"

நியாயந்தானே. பெட்டிக்கு முன்னால மூணு செங்கல்லை வச்சு, பச்சை விறகை மூட்டிப் பால் காய்ச்சினாங்க. எட்டிப் பாக்க வந்த ஒரே ஒரு தேனீயும் புகை தாங்காம ஓடிப் போச்சு.

"புது இடம்லா, கூச்சப்படுது" என்றார் அண்ணாச்சி.

"கூச்சம் இல்ல அண்ணாச்சி, கோவம். விசேஷத்துக்கு நாம யாரையும் முறையா அழைக்கலையே" என்றான் உடையார்.

உடனே தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, குங்குமம் எல்லாம் எடுத்துக்கிட்டு மூணு பேரும் கிளம்பினாங்க. ஊருக்கு வெளிய ஆலமரத்துல பெரிய தேன்கூடு. தளவாய் மேல ஏறி, கூட்டுக்கே குங்குமம் வச்சு, "குடும்பத்தோட வந்திரணும்"னு கேட்டுக்கிட்டான்.

திரும்பி வந்தப்போ மூணு பேர் மூஞ்சியும் பணியாரமா வீங்கியிருந்துச்சு.

"என்னப்பா ஆச்சு?" என்று பதறினா செல்வசுந்தரி.

"நல்ல மனுசங்க தாயி. நம்ம தெரு முக்கு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பிட்டுப் போறாங்க" என்றான் தளவாய்.

வீக்கம் வத்துற வரைக்கும் மூணு பேரும் படுக்கையில கிடந்தாங்க. கொல்லைக்கு அப்பத்தான் நல்ல காலம். சின்னச் சின்னத் தேனீயா வந்து ஓட்டை ஓட்டையா குடியேறுச்சு. கொடியில ஒரே ஒரு பிஞ்சு நின்னு, சாம்பல் பூத்து, நல்ல காயாத் திரண்டுச்சு. செல்வசுந்தரி அதுக்கு அடியில வைக்கோல் போட்டு, தினமும் தடவிக் கொடுத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போவா.

கண்காட்சி அன்னைக்கு விடியக்காலம் கூடையைத் தூக்கிட்டுக் கொல்லைக்கு ஓடினா. வைக்கோல்தான் இருந்துச்சு, காயைக் காணோம். பூச்சி வீட்டுக்கு முன்னால சூடம் எரிஞ்ச கரி, குங்குமம், சிதறிக் கிடந்த பூசணித் துண்டு. பக்கத்துல மூணு பேரும் குளிச்சு முழுகித் திருநீறு பூசி நின்னாங்க.

"கடையில வாங்கலாம்னுதான் கிளம்பினோம். நல்லவேளை, வீட்டுலயே ஒண்ணு இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி.

செல்வசுந்தரி கூடையைக் கீழ போட்டா. "அப்பா, அது என் காய்ப்பா. ஏம்ப்பா உடைச்சே?"

தளவாய் அவ தலையைப் பாசமாத் தடவினான். "வீடு நிறையத் தேனீ வந்திருக்கு, ஊர்க்கண்ணு சும்மா இருக்குமா? அதான் சுத்திப் போட்டோம். கண்ணு பட்டு அதுக காலி பண்ணிட்டுப் போச்சுன்னா, அப்புறம் உனக்குப் பூசணிக்காய் எப்படித் தாயி காய்க்கும்?"