செங்கமலம் கேட்ட முகம்

“பார்க்காத முகத்தை வரைய முடியுமா வாத்தியாரே?”

வாசற்படியில் நின்றபடியே செங்கமலம் கேட்டாள். உள்ளே வா என்று சொல்லக்கூட அவள் நேரம் தரவில்லை.

ஓவியர் மாசிலாமணி அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அந்தத் துறைமுகத்து ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது.

“யார் பார்க்காத முகம்?” என்றார்.

“பெத்த நானே பார்க்காத முகம். என் மகன் வைரக்கண்ணு. பதினோரு வயசுல மாமன்கூட பினாங்குக்குக் கப்பலேறினான். பதினஞ்சு வருசமாச்சு. இப்ப எப்படி இருப்பானோ, அப்படி வரைஞ்சு குடுக்கணும்.”

“எதுக்கு?”

இந்த மனுஷனுக்கு இதுகூடவா விளங்காது என்று அவளுக்குச் சுருக்கென்றது.

“எதுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. அந்த மாமன் போய்ச் சேந்துட்டாரு. அதோட கடுதாசியும் நின்னுபோச்சு. ஊர்ல இருந்த வீட்டைப் புயல் கொண்டுபோயிடுச்சு. அவன் வந்தா எங்க வந்து நிப்பான்? அதான் துறைமுகத்துச் சுங்கச்சாவடி வாசல்லேயே இட்லிக் கடை போட்டு உக்காந்திருக்கேன். கப்பல் வந்தா முந்நூறு பேரு இறங்குறாங்க. ஒருத்தரை விடாம மூஞ்சியப் பாக்குறேன். என்னம்மா இப்படி முறைக்கிறேன்னு திட்டிட்டுப் போறாங்க. போனாப் போறாங்க. எனக்கு ஒரே பயந்தான். என் புள்ளை என் கையாலேயே இட்லி வாங்கித் தின்னுட்டு, என்னைத் தாண்டிப் போயிருந்தான்னா?”

முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

மாசிலாமணி ஜன்னலோரம் ஒரு பலகையைப் போட்டார்.

“உக்காருக்கா. முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக்க. அவனைப் பத்திச் சொல்லு.”

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்தாள்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் அவள். துணியின் முதுகைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம், கடுகத்தனை.”

தூரிகை அசையவில்லை.

“முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் தூக்கல்.”

தூரிகை அசையவில்லை.

“ராத்திரி தூங்குறப்ப என் மூக்குத்தியைத் திருகிக்கிட்டே தூங்குவான். கையை எடுத்துவிட்டா முழிச்சுக்குவான், திருட்டுப் பய.”

இப்போது தூரிகை வண்ணக் கிண்ணத்தில் நனைந்தது.

“எந்த மூக்குத்தி?”

“செவப்புக் கல்லு வச்சது.”

“இப்ப எங்க?”

“அவங்கப்பா போனப்பவே கழட்டியாச்சு. பத்து வருசம் ஓடிப்போச்சு.”

“அப்பா போனது அவனுக்குத் தெரியுமா?”

“யாரு போய்ச் சொன்னா? மாமன்தான் அதுக்கு முன்னாடியே போயிட்டாரே.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இப்படியே நாலு நாள். மச்சம், பல்லு, முட்டியில் இருந்த தழும்பு எல்லாம் காற்றோடு போயின. அவள் எந்தப் பக்கம் கொண்டை போட்டிருந்தாள், மல்லிகையா கனகாம்பரமா, இதையெல்லாம்தான் மனுஷன் துருவித் துருவிக் கேட்டார்.

ஐந்தாம் நாள் அவள் பொங்கிவிட்டாள்.

“நான் புள்ளையைப் பத்திச் சொல்ல வந்தா நீங்க பூவைப் பத்திக் கேக்குறீங்க. என்னைப் பாத்தா உங்களுக்கு வேடிக்கையா இருக்கா?”

“அவன் எப்பவாச்சும் தொலைஞ்சு போயிருக்கானா?”

கோபம் பாதியில் நின்றது. அவள் முகம் இளகிவிட்டது.

“ஒரு தடவை. அப்ப அவனுக்கு ஆறு வயசு. தேர் பாக்கப் போன எடத்துல கையை விட்டுட்டான். நான் பைத்தியக்காரியாட்டம் கத்திக்கிட்டு அலையுறேன். இவன் என்னடான்னா கூட்டத்தைக் கிழிச்சுக்கிட்டு நேரா வந்து என் காலைக் கட்டிக்கிட்டான். இத்தனை பொம்பளைங்க நடுவுல எப்படிடா கண்டுபிடிச்சேன்னு கேட்டேன். உன் பொட்டு அங்கேருந்தே தெரிஞ்சுதும்மாங்கறான். அப்பல்லாம் நான் காலணா அகலத்துக்கு வச்சிருப்பேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

மாசிலாமணி தூரிகையைக் கீழே வைத்தார்.

“நாளைக்கு வாக்கா.”

மறுநாள் தேங்காய், வெற்றிலை பாக்கோடு மூச்சிரைக்க வந்தாள். படத்துக்குக் கண் திறப்பதுதான் கடைசி வேலை, கேட்டவர் எதிரில் வைத்துத்தான் அதைச் செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“கண்ணைத் திறந்துடுங்க வாத்தியாரே. விடிஞ்சாக் கப்பல் வருதாம்.”

அவர் சட்டத்தை அவள் பக்கம் திருப்பினார்.

கண் ஏற்கெனவே திறந்திருந்தது.

ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கருகருவென்று தலைமுடி, அதில் மல்லிகைப் பூ. யாரையோ கண்டுவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

செங்கமலத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. பிள்ளையோடு மருமகளையும் சேர்த்து வரைந்துவிட்டாரோ என்று சட்டத்துக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள்.

“யாரு இது? என் புள்ளை எங்க?”

அவர் சட்டத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தினார்.

“யாரோ ஒரு பொம்பளையை வரைஞ்சு வச்சிருக்கீங்களே! இவளை எனக்கு...”

மூக்குத்தியைப் பார்த்துவிட்டாள். சிவப்புக் கல்.

அவள் கை தானாகத் தன் மூக்குக்குப் போனது. அங்கே தூர்ந்துபோன துளைதான் தட்டுப்பட்டது.

“உனக்கே தெரியலையேக்கா,” என்றார் மாசிலாமணி.

இத்தனை வருஷக் கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் வந்து நின்றன. இறங்கியவர்கள் எல்லோரையும் அவள் பார்த்தாள். அவர்களும் அவளைப் பார்த்தார்கள். நரைத்த தலையும் வெறும் நெற்றியுமாக இருந்த இட்லிக்காரியைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“அய்யோ, என் ராசா!” என்று தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

“கடை வாசல்ல மாட்டிடு. சாவடியைப் பாத்த மாதிரி.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள். கண், மூக்கு, பூ எல்லாம் இருந்தது. நெற்றியில் மட்டும் ஒன்றும் இல்லை.

மாசிலாமணி சிவப்பைக் குழைத்துத் தூரிகையை அவளிடம் நீட்டினார்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“நானா? வேணாம் வாத்தியாரே. நான் அதைத் தொட்டுப் பத்து வருசமாச்சு.”

“வேற யாரு வைக்கிறது?”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் தூரிகையை வாங்கினாள். படத்துக்கு மிக அருகில் போய் நின்றாள்.

“எம்மாம் பெருசு வைக்க?”

“கப்பல்லேருந்து தெரியணும்.”