சுருட்டுப் பெட்டிக்கு வந்த ராஜமரியாதை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். அந்த நாட்டு அரசருக்குப் போரில் ஆசையில்லை, வேட்டையில் ஆசையில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு சுருட்டு மட்டும் வேண்டும். அதுவும் ஆற்றங்கரை மாயழகு கையால் சுருட்டியதாக இருக்க வேண்டும்.

ஒரு கோடையில், அண்டை நாட்டுத் தூதர் விருந்துக்கு வந்திருந்தார். விருந்து முடிந்ததும் அரசர் பெருமையாக ஒரு சுருட்டை எடுத்து வாயில் வைத்தார். பற்ற வைப்பதற்குள் அது அப்பளம் போல நொறுங்கியது. தூள் முழுவதும் அரசரின் மீசையில் கொட்டியது. அடுத்து அரசர் தும்ம ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று பதினொரு தும்மல். தூதர் வாயைப் பொத்திக்கொண்டு தூணைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியதைச் சபை முழுவதும் பார்த்தது.

அரசரின் முகம் சிவந்துவிட்டது. "யார் செய்த வேலை இது?" என்றார்.

கருவூலத் தலைவர் தாண்டவராயர் உடனே எழுந்தார். அரசரின் உடைமைகளைக் காப்பது அவர் பொறுப்பு. "அரசே, சுருட்டுகளை நகைகள் இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே பூட்டிப் பாதுகாத்தேன். அதற்கு மேல் பத்திரமான இடம் இந்த நாட்டில் இல்லை. ஆகவே குற்றம் சுருட்டியவனுடையது. மட்டமான புகையிலையைத் தங்கள் தலையில் கட்டிவிட்டான்" என்றார்.

மாயழகைப் பிடித்து வந்தார்கள். அறுபது வயது மனிதர், அரசரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. "என் கையை விட்டுப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, மகராசா" என்றார். நாட்டை விட்டுத் துரத்தச் சொல்லி அரசர் கையை உயர்த்தினார்.

அப்போது விகடகவி விருத்தகிரி, அரசரின் காலடியில் கிடந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தான். புகையிலை வாசனைக்கு நடுவே கற்பூர வாசனை வந்தது. பட்டுத் துணிக்குப் பூச்சி வராமல் கற்பூரம் வைப்பதுபோல, தாண்டவராயர் சுருட்டுக்கும் வைத்திருக்கிறார். வெயிலில் காயும் கருவூல மாடியறையில், இரும்புப் பெட்டியில், கற்பூரத்தோடு. விருத்தகிரிக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் ஒரு சிட்டிகைத் தூளைக் காட்டிக் கருவூலத் தலைவரைக் குற்றம் சொன்னால் யார் கேட்பார்கள்? விகடகவி சொல்வதெல்லாம் விகடம் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இருந்தாலும் மாயழகை அப்படியே போகவிட அவனுக்கு மனம் வரவில்லை. "அரசே, குற்றம் சுருட்டியதில் இல்லை, வைத்திருந்ததில்தான். இவர் வீட்டில் புதிதாகச் சுருட்டிய நூறு சுருட்டு இருக்கிறது. இன்று கத்திரி தொடங்குகிறது. இருபத்தைந்து நாள் வெயில் முடியும்வரை நான் அவற்றைக் காப்பாற்றுகிறேன். ஒன்று நொறுங்கினாலும் இவரோடு நானும் நாட்டை விட்டுப் போகிறேன்" என்றான்.

தாண்டவராயருக்கு உள்ளுக்குள் பால் வார்த்ததுபோல இருந்தது. இந்த விகடகவி தொலைவானா என்று எத்தனை நாள் காத்திருந்தவர். "அரசே, அப்படியானால் ஒரு நிபந்தனை. சுருட்டுகளை வைக்கும் பெட்டி அரண்மனையை விட்டு வெளியே போகக்கூடாது. தங்களை எப்படிப் பேணுகிறோமோ அப்படியே இந்தச் சுருட்டுகளும் பேணப்பட வேண்டும். அதில் இம்மி குறைந்தாலும் விகடகவியார் தோற்றவர். இதை ஓலையில் எழுதி முத்திரை இட வேண்டும்" என்றார். அரச உபசாரத்துக்கு இந்தப் பரதேசி எங்கே போவான் என்பது அவர் கணக்கு.

அரசர் தலையாட்டினார். அதுவரை மாயழகைச் சிறையில் வைக்கச் சொன்னார். ஓலை எழுதி முத்திரையும் வைத்தாயிற்று. விருத்தகிரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, பத்திரமாக மடியில் செருகிக்கொண்டான்.

நேராகச் சிறைக்குப் போய் மாயழகைப் பார்த்தான்.

"பெரியவரே, இந்தச் சுருட்டுங்களை எப்படி வெச்சுக்கணும்? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"வெயிலும் ஆகாது தம்பி, தண்ணியும் ஆகாது. வெயில் பட்டா நொறுங்கும், நனைஞ்சா பூஞ்சை பூக்கும். ஈரக் காத்து மட்டும் வேணும். வாசனை இல்லாத மரப்பெட்டி. அதுக்குள்ள ஒரு மூலையில, தண்ணி குடிச்ச செங்கல் துண்டு ஒண்ணு. சுருட்டு மேல படக்கூடாது. சும்மாச் சும்மாத் திறக்காதீங்க. நாலு நாளைக்கு ஒருக்கா, மேல இருக்கறதைக் கீழ மாத்தி வையுங்க."

"அவ்வளவுதானா?"

"குளுந்த இடமா இருக்கணும். அதுதான் இந்த வெயில்ல எங்க கிடைக்கும்?" மாயழகு கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக நீங்க ஏன் தம்பி வீட்டை விட்டு நாட்டை விட்டுப் போகணும்?"

"நான் எங்கேயும் போகப்போறதில்லை. நீங்களும்தான்" என்றான் விருத்தகிரி.

மறுநாள் மதியம் அரசர் சாப்பிட்டுவிட்டுத் தம் வெட்டிவேர் அறைக்குள் போனார். நான்கு பக்கமும் வெட்டிவேர்த் தட்டி, அதில் நாழிகைக்கு ஒரு முறை தண்ணீர் தெளிப்பார்கள். நாட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். படுக்கப் போனால், கட்டிலின் நட்டநடுவில் ஒரு மரப்பெட்டி, பட்டு மெத்தைமேல் சுகமாக வீற்றிருந்தது.

"விருத்தகிரி, என்ன இது?"

"தங்கள் கட்டளை, அரசே" என்று அவன் ஓலையை நீட்டினான். "தங்களைப் பேணுவதுபோலவே பேண வேண்டும். தாங்கள் மதியம் இந்த அறையில்தானே படுக்கிறீர்கள்? இவர்களும் படுத்திருக்கிறார்கள். தங்கள் தலைமாட்டில் தண்ணீர்க் கூஜா உண்டு. இவர்களுக்கு உள்ளே ஈரச் செங்கல் உண்டு."

அரசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் முத்திரை அவருடையது. பெட்டியை முறைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு வேறு கட்டில் கொண்டுவாருங்கள்" என்றார்.

அன்று முதல் பெட்டிக்கு ராஜமரியாதைதான். மந்திரிகள் அந்த அறைப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போக வேண்டும். தாண்டவராயரும் கும்பிட்டார். ஒவ்வொரு கும்பிடுக்கும் அவர் வயிறு எரிந்தது. வெட்டிவேர் அறை வாசலில் இருக்கும் கட்டியக்காரனிடமும் விருத்தகிரி ஓலையைக் காட்டினான். "அரசர் அறையில் இல்லாவிட்டாலும் பெட்டி இருக்கிறது. யார் உள்ளே போனாலும் முறைப்படி பட்டம் சொல்லி அறிவிக்க வேண்டும்" என்றான். பிறகு அதே வாசலில் போய் நின்றுகொண்டான். நாலு நாளைக்கு ஒரு முறை உள்ளே போய்ச் சுருட்டுகளை மாற்றி வைத்தான், செங்கல்லை நனைத்துத் துடைத்து வைத்தான். மற்ற நேரமெல்லாம் வெளிக்காற்று நெருப்பாக வீசும் அந்த வாசலில்தான் நின்றான். வேர்க்குரு முதுகு முழுவதும் பரவியது. உட்காரச் சொன்னவர்களுக்கு, "இருபத்தைந்து நாள் கழித்து" என்று மட்டும் பதில் சொன்னான்.

இருபத்தைந்தாவது நாள் வந்தது. மாலையில் சபையில் சோதனை. அண்டை நாட்டுத் தூதரும் அதற்கென்றே வந்திருந்தார். மதியம் மாயழகை அழைத்துவர விருத்தகிரி சிறைக்குப் போனான். அரசர் பக்கத்து மண்டபத்தில் தூதரோடு பேசிக்கொண்டிருந்தார். இந்த நேரத்துக்காகத்தான் தாண்டவராயர் காத்திருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல நடந்து, அறைக்குள் நழுவினார்.

வாசலில் அரைத் தூக்கத்தில் இருந்த கட்டியக்காரன் துள்ளி எழுந்தான். வழக்கப்படி அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பினான்.

"கருவூலக் காவலர், பொன்னும் மணியும் புரக்கும் பெருந்தகை, தாண்டவராயர் எழுந்தருளுகிறார். பராக், பராக்."

அரண்மனை முழுவதும் கேட்டது. அரசர் எழுந்து ஓடிவந்தார், பின்னால் தூதர். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த விருத்தகிரியும் மாயழகும் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். தாண்டவராயர் ஒரு கையால் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி கல்லாய் நின்றார். இன்னொரு கை மூடியிருந்தது.

"கையில் என்ன?" என்று கேட்டுக்கொண்டே அரசர் அருகே போனார். போனவர் தும்மினார். மறுபடியும் தும்மினார்.

கை திறந்தது. உள்ளே ஒரு கட்டிக் கற்பூரம்.

அரசர் ஏழு தும்மல் தும்மி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அன்றைக்கும் இதே தும்மல்தானே?" என்றார்.

"இதே கற்பூரமும்தான், அரசே" என்றான் விருத்தகிரி. "வெயிலில் காயும் இரும்புப் பெட்டியில், பட்டோடு வைப்பதுபோலச் சுருட்டோடும் வைத்திருந்தார். அன்று நான் சொல்லியிருந்தால் தாங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். இன்று தங்கள் மூக்கே சொல்லிவிட்டது."

தாண்டவராயர் தலை குனிந்தார். "பூச்சி வராமல் இருக்கட்டும் என்றுதான் முதலில் வைத்தேன். பிறகு உண்மையைச் சொல்லப் பயந்துவிட்டேன். இந்தச் சுருட்டும் தங்களைத் தும்மவைத்தால் பழி மாயழகு மேலேயே நிற்கும் என்று நினைத்தேன்" என்றார்.

"அது இருக்கட்டும். நிபந்தனை நிபந்தனைதான்" என்ற அரசர், பெட்டியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து விரல்களால் அழுத்தினார். அது மெத்தென்று அமுங்கி மறுபடி எழுந்தது. பற்ற வைத்தார். தூதருக்கும் ஒன்று கொடுத்தார். சாம்பல் ஓர் அங்குலம் நீண்டும் உதிராமல் நின்றது. தூதர் மெதுவாக, "இது எங்கள் நாட்டில் கிடைக்காது" என்றார்.

அரசர் பெட்டியை மாயழகிடம் நீட்டினார். அவர் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். "இது என்னோடதுதான், மகராசா. நான் சுருட்டின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அரசர் தம் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டு, "உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன், பெரியவரே" என்றார்.

பிறகு திரும்பி, "விருத்தகிரி, உனக்கு என்ன வேண்டும்? கேள்" என்றார்.

"அரசே, இருபத்தைந்து நாள் இந்த அறை வாசலில் வெந்தேன். அந்தப் பெட்டி படுத்த கட்டிலில் ஒரு மதியம் நான் படுக்க வேண்டும். ஓலையில் எழுதியபடி, அதே மரியாதையோடு."

அரசர் அனுமதித்தார். தாண்டவராயருக்கும் தண்டனை சொன்னார். மழை வரும்வரை வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை இனி அவருடையது.

மறுநாள் மதியம் ஒரு கட்டிலில் அரசரும் இன்னொன்றில் விருத்தகிரியும் படுத்திருந்தார்கள். கண் அயரும் நேரம், வாசலில் கட்டியக்காரனின் குரல் கேட்டது.

"கருவூலக் காவலர், பொன்னும் மணியும் புரக்கும் பெருந்தகை, தாண்டவராயர், வாளியோடு எழுந்தருளுகிறார். பராக், பராக்."

அரசர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. தாண்டவராயர் தலையைத் தூக்காமல் தண்ணீர் தெளித்தார். விருத்தகிரி மட்டும் எதையும் கேட்கவில்லை. அவன் எப்போதோ தூங்கிவிட்டிருந்தான்.